மினியா, ஹில்மன் இம்ப்பா: பொறியியல் நேர்த்தி எதில் அதிகம்? (புனைபெயர்களில் மூவரின் விவாதம்)

கார்பரேட்டர்:
1959-இல் வந்த மினியையே சிறிய பிரிட்டிஷ் கார்களின் உச்சமாகச் சொல்கிறவர்கள், 1963-இல் வந்த ஹில்மன் இம்ப்பை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மினிக்குக் கிடைத்தது, மோரிஸ் மைனர் காரில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த இரும்பு வார்ப்பு ஏ-சீரிஸ் எஞ்சின். இம்ப்பின் 875 சிசி எஞ்சினோ கவெண்ட்ரி கிளைமாக்ஸ் என்ற எஞ்சின் நிறுவனத்தின் வடிவமைப்பின் வழிவந்தது. முழுக்க அலுமினியம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் மேலேயே அமைந்தது. நான்கு முன்கியர்களுக்கும் சின்க்ரோமெஷ், அதாவது கியரை உரசலின்றி மாற்ற உதவும் அமைப்பு, உண்டு. தொடக்ககால மினியின் முதல் கியருக்கு அது கிடையாது.

நான்காம்கியர்:
நண்பரே, எஞ்சினை மட்டும் எடைபோடுகிறீர்கள். மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில், ஆயில் தேங்கும் சம்ப்பிலேயே பொருத்தியதால்தான், ஏறக்குறைய 3 மீட்டர் நீளமே உள்ள காரில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. சஸ்பென்ஷனையும் பாருங்கள்: சுமார் 600 கிலோ எடையுள்ள காரில் நான்கு பெரியவர்கள் ஏறினால் மொத்த எடை ஏறக்குறைய பாதி கூடிவிடும். அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும், பொறியாளர் அலெக்ஸ் மோல்ட்டனின் ரப்பர் கூம்புகள் அந்தச் சிக்கலை மிகக் குறைந்த இடத்தில் தீர்த்தன. இதைவிட நேர்த்தியான தீர்வை நான் கண்டதில்லை.

கார்பரேட்டர்:
தீர்வு அழகானதுதான், அதற்கான விலையைப் பயணிகள் கொடுத்தார்கள். அந்த ரப்பர் குண்டும் குழியுமான சாலையில் உடலைக் குலுக்கும். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் என்பதால் பற்சக்கரங்கள் அதை அரைத்து விரைவில் நீர்க்கச் செய்யும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடைப் பற்சக்கரங்களின் முனகல் உள்ளே கேட்கும். கிரில்லுக்குப் பின்னாலேயே இருந்த, தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் மழையில் நனைந்து எஞ்சினை நிறுத்தியதும் ஊரறிந்தது. இம்ப்பின் கியரை இரண்டு விரலால் மாற்றலாம் என்றால் அது மிகையாகாது.

கிரீஸ்கை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இம்ப்பின் காற்றழுத்த ஆக்சிலரேட்டரும் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் தானியங்கி சோக்கும் தொல்லை தந்ததால், 1965-இலேயே கேபிளுக்கும் கையால் இழுக்கும் சோக்குக்கும் திரும்பினார்கள். அந்த அலுமினிய எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். தேர்ந்த பொறியியலை முழுமையாகச் சோதிக்காமல் வாடிக்கையாளரிடம் கொடுத்தால், அதை நேர்த்தி என்று என்னால் ஏற்க முடியாது.

கார்பரேட்டர்:
சோதனை போதவில்லை என்பதை ஏற்கிறேன், ஐயா. ஆனால் அது அவசரத்தின் குற்றம், வடிவமைப்பின் குற்றமல்ல. 1965-க்குப் பிந்தைய இம்ப்பை மினியின் அருகில் நிறுத்தி ஒப்பிடுங்கள்.