சுழல் கீறல் போய்விட்டது, மங்கல் போகவில்லை: குன்னூர் குளிரில் பாலிஷர்

வணக்கம். கறுப்பு கார், பெயிண்டில் சுழல் சுழலாக மெல்லிய கீறல்கள்; அதைப் போக்க டிஏ பாலிஷர் (சுற்றிக்கொண்டே அதிரும் மெருகு இயந்திரம்). கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டியாகிவிட்டது. 5 அங்குல ஃபோம் பேடில் 4 சொட்டு காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை); இரண்டடிக்கு இரண்டடி இடம். வேகம் 1-இல் பரப்பி, 4-இல் குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை. பேடில் போட்ட கோடு நிற்காமல் சுற்றுகிறது, அதனால் அழுத்தம் அதிகமில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துவிடுகிறோம்.

கீறல் போனது. ஆனால் பிசுக்குப் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து டார்ச் அடித்தால் புகை படிந்த மாதிரி மங்கல்!

மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் (காம்பவுண்டைவிட நைசான மெருகு) போட்டால் தெளியுமா? இல்லை, காலையில் தகடு சில்லென்று இருப்பதுதான் காரணமா? பானட் மடிப்புகளில் கிளியர்கோட் (பெயிண்ட் மேலுள்ள நிறமில்லாத பூச்சு) மெல்லிசு, அங்கே மறுபடி காம்பவுண்ட் ஓட்ட மனமில்லை. ஊட்டி, கோத்தகிரி பக்கம் இந்த வேலை செய்பவர்கள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள், எந்தப் பேட் என்று சொல்லுங்கள்.