டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ், ப்ரீஆம்ப்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நான் கோவையில் கிதார் கற்பிக்கிறேன். தமிழ்வழியில் படித்த மாணவர்களுக்காக, கிதார் ஒலியைப் பலவிதமாக மாற்றும் பல்விளைவுக் கருவியை (மல்டி-எஃபெக்ட்ஸ்) கையாளும் முறை பற்றி ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பாஸ் நிறுவனத்தின் ஜிடி வரிசைக் கருவிகளில் டிஸ்டார்ஷன் ஒரு கட்டமாகவும் (ஒலி கடந்து செல்லும் படி), பெருக்கியின் முற்பகுதியான ப்ரீஆம்ப் வேறொரு கட்டமாகவும் இருக்கின்றன. இரண்டிலும் ஒலியைக் கரகரக்கச் செய்யும் அமைப்பு உண்டு என்பதால், மாணவர்கள் இரண்டையும் முழு அளவுக்குத் திருப்பிவிட்டு, எந்தச் சுரமும் தெளியாத இரைச்சலில் திகைத்து நிற்கிறார்கள். இப்போதைக்கு 'ஒலிச்சிதைவு', 'முன்பெருக்கி' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் சிதைவு என்று படிக்கும் பிள்ளை அதைத் தவிர்க்க வேண்டிய குறை என்றல்லவா எண்ணும்? நல்ல சொல் தாருங்கள்.

மறுமொழி – திருச்சி, இயற்பியல் ஆசிரியை

சொல்லைத் தேடுமுன் நிகழ்வைப் பார்ப்போம். கம்பியின் அதிர்விலிருந்து வரும் மின்னலை, சுற்று தாங்கும் எல்லையை மீறிப் பெருக்கப்படும்போது, அதன் முகடும் அகடும் வெட்டுண்டு தட்டையாகின்றன. சிலிக்கான் டையோடு பொருத்திய மிதிகளில் (காலால் இயக்கும் விளைவுக் கருவிகளில்) அந்த எல்லை ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் வரை இருக்கும். வெட்டுண்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் எழுகின்றன. இருபுறமும் ஒரே அளவில் வெட்டினால் மூல அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே எழும்; ஒருபுறம் மிகுதியாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். மென்மையாக வளைந்து வெட்டுவது ஓவர்டிரைவ், கூராக வெட்டுவது டிஸ்டார்ஷன், ஏறக்குறையச் சதுர அலையாகவே ஆக்கிவிடுவது ஃபஸ். 'திரிபு' பொருந்தும் என்று தோன்றினாலும், கம்பியை இழுக்கும்போது அதன் நீளம் மாறும் விகிதத்தைத்தான் எங்கள் பதினோராம் வகுப்பு நூல் அப்படி அழைக்கிறது. கிதார் கம்பியைப் பற்றிய பாடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

மறுமொழி – யாழ்ப்பாணம்

இலங்கைப் பாடநூல்களில் அந்த விகிதத்துக்கு 'விகாரம்' என்று பெயர். ஆகையால் 'திரிபு' எங்களுக்குத் தடையாக இல்லை.

மறுமொழி – மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இருவரும் அறியாமலேயே ஒரே கிணற்றின் இரண்டு படிகளில் நிற்கிறீர்கள். தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் விகாரம் என்றார் நன்னூலார். அவருக்கு முன்பே மெய்பிறிதாதல் (ஓர் எழுத்து வேறோர் எழுத்தாதல்), மிகுதல், குன்றல் என்ற மூன்றையும் திரிபு என்றார் தொல்காப்பியர். ஆசிரியை விவரித்த நிகழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அலையின் முகடு குன்றுகிறது, அதன் மெய் பிறிதாகிறது, மேற்சுரங்கள் மிகுகின்றன. ஒரு புணர்ச்சியில் மூன்று திரிபும் ஒருங்கே நிகழ்வதைப் போன்ற இந்தப் பொருத்தத்தைக் கண்டு எனக்கு நேற்று உறக்கமே வரவில்லை. விகாரம் வடசொல் என்பதோடு, பேச்சில் அருவருப்பையும் குறிக்கும்; எனவே திரிபே தகும்.

ஓவர்டிரைவுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. யாழுக்குரிய பகைகளாகச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கைச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை எண்ணுகிறது. அவற்றுள் ஆர்ப்பு என்பது சொன்ன அளவைக் கடந்து ஓங்கி ஒலிப்பது. அளவைக் கடந்து செலுத்துவதுதானே ஓவர்டிரைவ்?

கடைசியாக ஒன்று: 'முன்பெருக்கி' என்று எழுதாதீர்கள். முன் என்பதோடு பகல் சேர்ந்து முற்பகல் ஆவதுபோல, இதுவும் 'முற்பெருக்கி' என்றே புணரும்.

மறுமொழி – திருச்சி, இயற்பியல் ஆசிரியை

முன்பணத்தை இங்கே பெரும்பாலும் முற்பணம் என்று வாங்குவதில்லை, ஐயா. 'முற்பெருக்கி' என்பதை முற்றிலும் பெருக்குவது என்று என் மாணவிகள் படிப்பார்கள்.

மறுமொழி – சென்னை, ஒலிப்பதிவுக்கூடக் கிதார் கலைஞர்

ஐயா சொன்ன ஆர்ப்பு அழகான சொல். ஆயினும் அது நீக்க வேண்டிய பகையாகச் சொல்லப்பட்டது, நாங்களோ இதை விரும்பித் தேடுகிறோம். 1960களின் தொடக்கத்தில், நாஷ்வில்லில் பழுதான ஒலிக்கலவை மேசையில் பிறந்த கரகரப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனதால்தான், அதை வேண்டும்போது உண்டாக்கிக்கொள்ள 1962இல் மேஸ்ட்ரோ நிறுவனம் ஃபஸ் மிதியை விற்கத் தொடங்கியது. நம் தம்புராவிலும் கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல் நூலைச் செருகி ரீங்காரத்தை வரவழைக்கிறோம். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உயிரைத் தருவதற்குப் பகையின் பெயர் ஏன்? ஃபஸ்ஸுக்கு மட்டும் தயங்காமல் 'பிசிறு' என்று எழுதுங்கள். துணிக்கும் குரலுக்கும் பழகிய சொல் அது.

எனக்கு உண்மையான கவலை 'முன்' என்பதில்தான் இருக்கிறது. ப்ரீஆம்ப் என்பது ஆற்றல் பெருக்கிக்கு முன்னால் இருப்பது. பல்விளைவுக் கருவியின் கட்ட வரிசையில் டிஸ்டார்ஷன் கட்டத்தை வழக்கமாக அதற்கும் முன்னால்தான் வைக்கிறோம். முன்பெருக்கி என்று படித்த மாணவன் அதைக் கொண்டுபோய் முதலில் வைப்பான். மேலும், அந்தக் கட்டம் வெறுமனே பெருக்குவதில்லை. பேஸ், மிடில், ட்ரெபிள் (கீழ், நடு, மேல் ஒலி) குமிழ்களோடு ஒரு பெருக்கிப் பெட்டியின் குணத்தையே போலச்செய்கிறது. அங்கே கெயினை (பெருக்கத்தின் அளவை) குறைத்துத் தெளிவான ஒலியை அமைத்துக்கொண்டு, திரிபை முந்தைய கட்டத்தில் மட்டும் கூட்டினால் சுரம் தெளியும். சொல் எதுவானாலும் கையேட்டில் இதை எழுதிவிடுங்கள்.

மறுமொழி – கோவை

அனைவருக்கும் நன்றி. 'ஒலித்திரிபு' என்பதற்குப் பெரும்பாலோர் இசைவதாகத் தெரிகிறது; 'ஒலி' முன்னொட்டாக நிற்பதால் பாடநூல் குழப்பமும் குறையும். பிசிறையும் ஏற்றுக்கொண்டேன். ஓவர்டிரைவுக்கு 'மென்திரிபு' என்று எழுதுகிறேன். ப்ரீஆம்ப் இந்தப் பதிப்பில் ப்ரீஆம்ப் என்றே நிற்கும். கட்ட வரிசையில் அதன் இடத்தைப் படம் வரைந்து காட்டுகிறேன்.

மறுமொழி – மதுரை

மென்திரிபு தவறில்லை, ஆனால் அதில் ஓசை இல்லை. கிதாரை ஒருமுறை ஓங்கி மீட்டிவிட்டு இரண்டு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். அடுத்த பதிப்பின்போது ஆர்ப்பை மீண்டும் கேட்பேன். முற்பெருக்கியையும் நான் கைவிடவில்லை.