மரம் சம்பந்தமான பழைய இங்கிலீஷ் வார்த்தைகள், ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் எல்லாருக்கும், இங்கிலாந்துல மரவேலை செஞ்சவங்க புழங்கின பழைய வார்த்தைகளை சேர்த்துட்டு இருக்கேன். சில்டர்ன் மலைப்பக்கம் பீச் (beech) மரக்காட்டுக்குள்ளயே உக்காந்து நாற்காலிக் கால் கடைஞ்சவங்களுக்கு 'பாட்ஜர்'னு பேரு, மரம் காயறதுக்கு முன்னாடி பச்சையாவே கடைஞ்சு ஹை விக்கம் ஊர் நாற்காலிப் பட்டறைகளுக்கு அனுப்புவாங்க. அவங்க கடைசல் மெஷின்ல கால்ல மிதிச்சா கயிறு மரத்தை சுத்திவிடும், மேல கட்டின கம்பு வளைஞ்சு திருப்பி இழுத்துக்கும், அவ்ளோதான் மெஷினே, என்னா மூளை பாருங்க! மரத்தைப் பிளக்க எல் ஷேப்ல 'ஃப்ரோ'ன்னு ஒரு கருவி. மரத்தை அடியோட வெட்டி திரும்ப துளிர்க்க விட்டா 'காப்பிஸ்', மாடு எட்டாத உயரத்துல வெட்டினா 'பொல்லார்ட்'.

இந்த மாதிரி வேற என்ன தெரியும், முக்கியமா கருவி பேரு? அந்தப் பக்கம் இருக்கறவங்க யாராவது விக்கம் மியூசியம் போனா போட்டோ எடுத்துப் போடுங்க ப்ளீஸ்.