இத்ரெட்ஸ்ப்ளாஸ் வைக்கிங் சொல்லாம்!

பெர்கன்வாசி: விளையாட்டு மைதானத்துக்கு நோர்வேயில சொல்லுற "இத்ரெட்ஸ்ப்ளாஸ்" முழுக்க வைக்கிங் காலத்துச் சொல் எண்டு ஒரு ஆள் எழுதியிருக்கிறார். வாசிச்ச நேரம் தொட்டு எரிச்சல். விளையாட்டு எண்ட இத்ரெட் சரி, வைக்கிங்குகள் பேசின பழைய நோர்ஸ் மொழியில "ஈத்ரோத்". இடம் எண்ட ப்ளாஸ், வடஜெர்மனியில பேசின கீழ்ஜெர்மன்ல இருந்து வந்தது, அதுக்கு முந்தி பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம். ப்ளாஸ் வைக்கிங் சொல் இல்லை!

வடதுருவன்: எழுதினது நான்தான், நேரா பேர் சொல்லியே திட்டலாமே. "ஈத்"னா செயல், "த்ரோத்ர்"னா வலிமை, சொல்லோட உயிரே அதுலதான் இருக்கு, வால்ல ப்ளாஸ் ஒட்டினா என்ன குறைஞ்சு போச்சு?

பெர்கன்வாசி: "முழுக்க" எண்டு எழுதினது ஆர்?

பனிக்கரடி: எனக்கென்னமோ கடைசி "ட்ரெட்" இழுக்கறதுங்கற "த்ரா"லேர்ந்துதான் வந்திருக்கும்னு தோணுது, கயிறிழுக்கற போட்டி.

பெர்கன்வாசி: ஓசை ஒத்துப்போனா போதுமோ தம்பி? 12ஆம் நூற்றாண்டில ஓர்க்னித் தீவுகளை ஆண்ட யார்ல் (பிரபு) ரொக்ன்வால்ட் தனக்கு ஒன்பது ஈத்ரோத் தெரியும் எண்டு பாடினவர்: பலகை ஆட்டம், ரூன் எழுத்து, புத்தகம், கைவேலை, பனிச்சறுக்கு, வில், துடுப்பு, யாழ், கவிதை. அப்ப அது திறமை எண்ட பொருள், விளையாட்டு மட்டும் எண்டது பிறகு வந்தது. இதில கயிறு எங்க?

வடதுருவன்: ஆக வைக்கிங் சொல்லுனு நீங்களே நிரூபிச்சிட்டீங்க, நன்றி.

பெர்கன்வாசி: இத்ரெட்டுக்கு! ப்ளாஸுக்கு இல்லை! ஐஸ்லாந்துக்காரர் மைதானத்தை இண்டைக்கும் "ஈத்ரோத்தாவொத்லுர்" எண்டுதான் சொல்லினம், கடைசித் துண்டு "வொத்லுர்", வெளி எண்ட பொருள், அதுவும் பழைய சொல். நோர்வேயில அதே சொல் "வொல்" எண்டு திங்வொல் மாதிரி ஊர்ப்பேருகளில கிடக்கு. ப்ளாஸ், பெர்கன்ல கடை போட்டிருந்த ஜெர்மன் வணிகர் கூட்டமான ஹன்சா வியாபாரிகள் காலத்துக் கீழ்ஜெர்மன், ப்ளாஸ் வைக்கிங் சொல் இல்லை, எத்தனை தரம் சொல்லுறது?

வடதுருவன்: பெர்கன்ல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் ஹன்சாக்காரன் தலையில கட்டறதே உங்க வேலை. போன தடவை மீன் பேர் சண்டையிலயும் இதேதான், அப்ப நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. இத்ரெட்ஸ் ப்ளாஸ் நார்வேக்காரன் சொல், அவ்வளவுதான்.

பெர்கன்வாசி: முதல்ல சேர்த்து எழுதப் பழகுங்கோ. நடுவில நிக்கிற "ஸ்" பழைய வேற்றுமை உருபின்ர மிச்சம், ரெண்டு சொல்லையும் பிணைக்கத்தான் நிக்குது, பிரிச்சு எழுதினா பள்ளிக்கூடத்தில சிவப்பு மையால கோடு போடுவினம்.

பனிக்கரடி: அண்ணே, த்ராவுக்கு இன்னும் பதில் சொல்லல.

வடதுருவன்: அவருக்கு ப்ளாஸைத் தவிர வேறெதுவும் கண்ணுல படாது. மீன் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லச் சொல்லு.