ஈறில் இரத்தம் கசிகிறது: பல் சுத்தம் செய்தால் பற்கள் ஆடுமா?

கேள்வி:
சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறிலிருந்து இரத்தம் கசிகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சள் காரை கல்லாக இறுகியிருக்கிறது. மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டால் பற்கள் ஆடிவிடும் என்று உறவினர்கள் சொல்வதால் வர மறுக்கிறார். அது உண்மையா?

மறுமொழி (பல் மருத்துவர்):
உண்மையன்று. பல்லில் படியும் கிருமிப் படலத்தை அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியத்தால் அது காரையாக இறுகுகிறது; அதன்மேல் மேலும் கிருமிகள் தங்கி ஈறை வீங்கச் செய்ய, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. காரையை நீக்கியதும் ஆட்டம் தெரிந்தால், எலும்பு முன்பே கரைந்துவிட்டது என்று பொருள். ஈறு வீக்கத்தோடு நிற்கும் நிலையில் முழுமையாகக் குணப்படுத்தலாம். கரைந்த எலும்போ தானாக வளராது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அளந்து பார்ப்பார்கள்; 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி:
சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஆகவே அண்மைய எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனை முடிவையும், அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அதுவரை பல் துலக்குவதை நிறுத்தலாமா?

மறுமொழி (பல் மருத்துவர்):
நிறுத்தவே கூடாது. மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் மெதுவாகத் துலக்கச் சொல்லுங்கள்.