'பாய்' என்றால் அண்ணனா, தம்பியா?

நான் பல்லடத்துக்காரி. பனியன் கம்பெனி ஆபீசில் இருந்து இருந்தே இந்தி சரளமாகிவிட்டது. கோர்ட்டில் மொழிபெயர்க்கப் போகலாமா என்று தெரிந்த வக்கீல் அக்காவிடம் கேட்டதற்கு, "முதல்ல போய் ஒரு மாசம் பின்னாடி உட்காரு அம்மிணி" என்றார். போக்சோ மாதிரி வழக்குகள் தவிர மற்ற விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாமாம்.

முதல் சில நாள் வாய்தாவிலேயே போனது. டவாலி பெயரைக் கூப்பிடுவார், ஆள் இருக்காது, அடுத்த தேதி. ஒருநாள் அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல பீகார்ப் பையன் ஒருவன் கூண்டேறினான். மொழிபெயர்க்க வந்த பெரியவரும் உறுதிமொழி எடுத்தார். 1969 பிரமாணச் சட்டப்படி அவரும் எடுக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பையன் "மேரா பாய் வஹா(ன்) தா" என்றான். பெரியவர், "இவனோட அண்ணன் அங்கே இருந்தானாம்" என்றார். நீதிபதி உடனே, "இருந்தானாம் எல்லாம் வேண்டாம், அவர் பேசுவது போலவே 'என்', 'நான்' என்று சொல்லுங்கள்" என்று திருத்தினார். ஆனால் அண்ணன் அப்படியே டைப் ஆகிவிட்டது. இந்தியில் அண்ணனும் பாய்தான், தம்பியும் பாய்தான், ஒரே ரூமில் தங்கும் ஊர்க்காரனும் பாய்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்தார்: "உனக்கு அண்ணனே கிடையாதே?" பையன் முழித்தான். அண்ணன் என்று அவன் சொல்லவே இல்லையே!

நம்ம பேச்சும் சும்மா விடவில்லை. அதற்கு முன்பே அரசு வக்கீல், "பொழுதோட எங்கப்பா இருந்தே?" என்று கேட்டிருந்தார். நமக்கு அது சாயங்காலம். பெரியவர் வெளியூர் போல, 'தின் மே(ன்)' என்று பகலாக்கிவிட்டார். டியூட்டியில் இருந்தேன் என்று பதில் வந்தது. சம்பவம் நடந்ததோ சாயங்காலம் ஆறு மணிக்கு! பின் பெஞ்சில் எனக்குக் கை பரபரத்தது, வாய் திறக்க முடியுமா?

சந்தேகம் வந்தால் நீதிபதியிடம் அனுமதி வாங்கி சாட்சியிடமே விளக்கம் கேட்கலாம் என்றார் அக்கா. ஒரு நிமிஷ வேலை.

வெளியே டீக்கடையில் அந்தப் பையன் நின்றிருந்தான். பாய் யாரென்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நடக்கிற வழக்கின் சாட்சியிடம் பேச்சுக் கொடுக்காதே என்று அக்கா முதல்நாளே சொல்லியிருந்தார். டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.