புதுப்பிப்பு: தடைக்கால மீன் விலை பணவீக்கமா?

பாம்பனில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை எகிறுகிறதே, அது பணவீக்கமா என்றும், ஆன்லைனில் பணப் பொருளியலை எங்கே தொடங்கலாம் என்றும் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் தொடங்கிவிட்டேன்.

பணத்தின் அளவையும் அது சுழலும் வேகத்தையும் விலையோடு இணைக்கும், பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் சமன்பாட்டிலேயே ஒரு வாரம் சிக்கிக்கொண்டேன். பணத்தின் அளவு புரிந்தது, அது சுழலும் ‘வேகம்’ புரியவில்லை. அப்புறம் அம்மா மீன் விற்று வாங்கிய 500 ரூபாய் நோட்டு ஐஸ்காரர், டீக்கடை, மளிகை என்று பொழுது சாய்வதற்குள் மூன்று கை மாறியதைப் பார்த்தேன். அட, இதுதானா!

சரி, விடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வரத்து குறைந்து சீலா மீன் விலை ஏறுகிறது. அது ஒரு பொருளின் விலையேற்றம். பொதுவாக எல்லா விலையும் தொடர்ந்து ஏறினால்தான் பணவீக்கம். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 2022 செப்டம்பரில் அது ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. நோட்டு அச்சடித்தது மட்டுமே காரணம் என்று வாதாடிய அண்ணனோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. டாலர் தட்டுப்பாடும் இலங்கை ரூபாயின் சரிவும் சேர்ந்துதான் அடித்தன.

அடுத்துப் படிக்கப்போவது ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி. வலை பின்னும் கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கிறது.